கல்யாணம் இல்லாத ஆடியில் ஒரு கல்குவாரி

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஸ்டுடியோவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் நடக்காது, ஆடியில் இந்துக் கல்யாணம் நடக்காது. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு வருடத்தில் இரண்டு வறட்சி. தவக்காலம் வெயிலோடு போய்விடும். ஆடியில் சாரல் இருக்கும். எனக்கென்று கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்புவது அப்போதுதான். சில வருடங்களாகப் போகிற இடம், கல்குளம் தாலுகாவில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வேலை நின்றுபோய்க் கிடக்கிற ஒரு பழைய கல்குவாரி.

எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். தனியார் நிலம், அனுமதி கேட்டுத்தான் நுழைகிறேன் என்பது ஒரு காரணம். தண்ணீர் இன்னொன்று. இந்தக் குழிகளில் குளம் மாதிரி கரை சரிந்து இறங்காது. முழங்கால் அளவு இருக்கும். அடுத்த எட்டு வைத்தால் கால் தரைக்கு எட்டாது. பாறை செங்குத்து, மேலே பாசி, பிடித்து ஏற ஒரு வேர்கூட இருக்காது. குளிக்கப் போன பையன்களைப் பற்றிப் பேப்பரில் எத்தனை தடவைதான் படிப்பது? "அண்ணா, அந்த நீலத் தண்ணி முன்னாடி நின்னு எடுக்கணும்" என்று ஃபோன் செய்கிற கல்யாண ஜோடிகளுக்கும் இதே பதில்தான். முட்டம் கடற்கரை இருக்கிறது, மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது, தாராளமாக வாருங்கள்.

அந்த நீலத்தில் எனக்கு அவ்வளவு மயக்கமும் இல்லை. மாவு போன்ற பாறைத்தூள் தண்ணீரில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிற வரைக்கும் நீலம். தூள் அடங்கிப் பாசி ஏறினால் பச்சை. ட்ரோனை நூறு அடி தூக்கினால் எந்தக் குவாரியும் அழகாகத்தான் தெரியும். முட்டி போட்டு உட்கார்ந்தால் தெரிகிறதுதான் எனக்கு வேண்டியது.

முதலில் சுவர். வெடிமருந்து நிரப்பப் பாறையில் போட்ட துளைகள், அதாவது தமர்கள், பாதிப் பாதியாக அதில் நிற்கின்றன. வெடித்தபோது ஒரு பாதி கல்லோடு போய்விட்டது, மறு பாதி சுவரில் தங்கிவிட்டது. மேலிருந்து கீழே அரைக் குழாய் மாதிரி ஓடுகிற அந்தப் பள்ளங்களில் மழைத்தண்ணீர் வழிந்து, தூசி தங்கி, பாசி பிடித்து, இப்போது பெரணி முளைத்திருக்கிறது. காட்டில் பெரணி கண்டபடி வளரும். இங்கே நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில், ஒரு கை இடைவெளி விட்டு அடுத்த கோடு, அதற்கடுத்து இன்னொன்று. டெலி லென்ஸில் வானமும் தண்ணீரும் விழாமல் சுவரை மட்டும் எடுத்தால், பார்க்கிறவர்கள் என்ன இது என்று ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

அந்தப் பாறையின் நிறமும் மழையில்தான் வெளியே வரும். காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல். நனைந்தால் எண்ணெய் தடவியது போல் கரும்பச்சை. சார்னோகைட் என்கிற வகை இது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் நம் சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டு, அவர் பெயரையே கல்லுக்கு வைத்தவர் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர். செத்தவர் கல்லறையிலிருந்து பெயர் வாங்கிய கல், எங்கள் மாவட்டத்தில் வீட்டு அஸ்திவாரம், லாரி லாரியாகக் கேரளா என்று போய்க்கொண்டே இருக்கிறது.

கிட்டே போனால் அதில் ஆங்காங்கே மிளகளவு சிவப்புப் புள்ளிகள். கார்னெட். இந்த மாதிரிப் பாறைகள் காலகாலமாகக் கரைந்து, ஆற்றோடு கடலுக்குப் போய்த்தான் கன்னியாகுமரிக் கடற்கரையின் சிவப்பு மணல் ஆகியிருக்கிறது. அம்மன் கல்யாணம் நின்றுபோனதில் சமைக்காமல் கிடந்த அரிசிதான் மணலாயிற்று என்பது ஊர்க்கதை. கல்யாணம் நின்றால் யாருக்கு நஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தக் கதைமேல் எனக்குத் தனிப் பாசம்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஈரப் பாறை முழுக்க ஃபிரேமை அடைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பாவது குறையுங்கள். சிபிஎல் ஃபில்டரைத் திருப்பி மினுமினுப்பை முழுசாக எடுத்துவிடாதீர்கள், பாறை செத்துப்போகும். பாதி போதும். வெயில் வேண்டாம், மூடிய வானம் போதும்.

அப்புறம், நான் உண்மையில் எதற்காகப் போகிறேனோ அது. லாரி திரும்புகிற இடத்தில் சரளைக்கல் தளம், மழையில் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். சத்தே இல்லாத அந்த ஈரச் சரளையில் அழுகண்ணி முளைக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் அளவு, தரையோடு ஒட்டி, சிவந்த இலைகள் வட்டமாக. இலை முழுக்க முடி, முடி நுனியில் ஆளுக்கொரு பசைத் துளி. மண்ணில் கிடைக்காததைப் பூச்சியிடம் வாங்கிக்கொள்கிற செடி. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு சின்ன எறும்பு ஏறியது. முன்கால் ஒட்டியது, இழுத்தது, நடுக்காலும் ஒட்டியது. ஓரத்து நீள முடிகள் சில விநாடிகளில் மடங்கி எறும்பை நடுவுக்குத் தள்ளிவிட்டன. முழு அளவு மேக்ரோவில் எஃப் 11 வைத்தாலும் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம்கூட ஃபோகஸில் நிற்காது. எறும்பின் கண் கிடைத்தால் துளி கிடைக்காது. துளியைத்தான் எடுத்தேன். ஒவ்வொரு துளிக்குள்ளும் எதிர்ச்சுவர் தலைகீழாக, பெரணிக் கோடுகளோடு.

குவாரியின் பக்கத்து வீட்டில் ஒரு மாமா இருக்கிறார், எழுபது தாண்டியவர். இளவயதில் அங்கேதான் வேலை. ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் சுத்தியலால் அடித்துத் தமர் போட்ட காலம். கம்ப்ரஸர் பிறகு வந்தது. மலையை மேலிருந்துதான் வெட்டி இறங்குவார்கள், அதனால் சுவரின் உச்சியில் கைத்தமர், கீழே மிஷின் தமர். இதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். சாயா குடித்துக்கொண்டே பெரணிப் படத்தைக் கேமராத் திரையில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மக்களே, இந்த மூணாவது தமரு கோணிப் போயிருக்கே."

நான் இல்லையே என்றேன். பெரிதாக்கிப் பார்த்தால் கோணித்தான் இருந்தது.

"அது என் கை இல்ல" என்றார் மாமா.