‘முதல்ல உக்காரட்டும்’, ‘முதல்ல பேசட்டும்’: நடுவில் போன நான்கு மாதம்

மகனுக்கு மூன்று வயது முடிந்த அன்று அவன் தெளிவாகச் சொன்ன வார்த்தைகள் ஒன்பது. ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு வயதிலேயே ‘பால் வேணும்’, ‘அப்பா வா’ என்று இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும் என்பது தெரிந்துதான் இருந்தது. ஆனால் வீட்டில் எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது. “இவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்” என்பார் மாமியார். “ஒரு இடத்துல நின்னாத்தானே பேச்சு வரும், இவன் ஓடிக்கிட்டே இருக்கானே” என்பார்கள் பக்கத்து வீட்டில். அந்த இரண்டாவது பதிலை நானும் நம்பி ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டேன். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

குழந்தை மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்தது காது பரிசோதனை. கூப்பிட்டால் திரும்புகிறானே, எதற்கு இது என்று தோன்றியது. இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். சளியால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால்கூட ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் மங்கலாகக் கேட்கும். அப்படிப்பட்ட பிள்ளையும் கவனமில்லாத பிள்ளை போலத்தான் தெரியும்.

எங்கள் ஊர் திண்டுக்கல். பெரா டெஸ்டுக்கு மதுரைக்குப் போகச் சொன்னார்கள். தலையில் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளைக்கு அது போய்ச் சேருகிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். ‘தூங்குறப்ப கூட்டிட்டு வாங்க’ என்று மட்டும்தான் போனில் சொன்னார்கள். முதல் முறை பஸ் ஏறியதுமே தூங்கினான், மதுரை வந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டான். மதியம் மூன்று மணி வரை வராந்தாவில் தோளில் போட்டு நடந்தேன். தூங்கவே இல்லை, திரும்பி வந்தோம். இரண்டாவது முறை, குளிர்ச்சியாக இருந்தால் தூங்குவான் என்று தலை நிறைய எண்ணெய் வைத்துக் கூட்டிப் போனேன். எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டாதாம். “இதுகூடத் தெரியாதாம்மா?” என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுக்கொண்டே அந்த ஊழியர் தலையைத் துடைக்க, பிள்ளை அலறி எழுந்துவிட்டான். முன்பே யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த நாள் வீணாகியிருக்காது.

அதனால் நான் சொல்கிறேன். முந்தின நாளே தலைக்குக் குளிப்பாட்டுங்கள், எண்ணெய் வேண்டாம். விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள். பஸ்ஸில் தூங்க விடாதீர்கள், அதற்கென்றே கூட ஒரு ஆள் வேண்டும். தூங்க வைக்கிற மருந்தை எடை பார்த்து அங்கே டாக்டர்தான் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே எதையும் கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள்.

மூன்றாவது முறை முடிந்தது. காதில் குறையில்லை.

உண்மையான அலைச்சல் அதற்குப் பிறகுதான். ஸ்பீச் தெரபிக்கு ஒரு தனியார் இடத்தில் சேர்த்தோம். அறையில் ஒரு நாற்காலி, மேசை, படம் போட்ட அட்டைகள். இவன் நாற்காலியில் இரண்டு நிமிடம்கூட இருக்கவில்லை. மூன்றாவது நாள், “இவனுக்கு சிட்டிங் டாலரன்ஸே இல்ல. ஏடிஹெச்டியா இருக்கலாம். முதல்ல உக்காரட்டும், அப்புறம் பேச்சைப் பாக்கலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். சிட்டிங் டாலரன்ஸ் என்றால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பொறுமை. ஏடிஹெச்டி என்பது கவனம் நிற்காமல், வயதுக்கு மீறிய துறுதுறுப்போடு இருக்கும் நிலை. சரி என்று குழந்தைகள் மனநலம் பார்க்கும் இடத்துக்குப் போனோம். அங்கே, “நாலு வயசுகூட ஆகல, பேச்சும் இல்ல. இப்ப எதுவும் சொல்ல முடியாது. முதல்ல பேசட்டும், அப்புறம் வாங்க” என்றார்கள்.

நாலு வயதுக்கு முன்னால் ஏடிஹெச்டி என்று உறுதியாகச் சொல்ல மருத்துவர்கள் தயங்குவது நியாயம்தான், அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுமே ஓடும். ஆனால் பெயர் வைக்க முடியாது என்பதும் உதவியே இப்போது வேண்டாம் என்பதும் வேறு வேறு. இதை எடுத்துச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. உட்கார வைக்கவும் யாரும் சொல்லித் தரவில்லை, பேச வைக்கவும் ஆளில்லை. நான்கு மாதம் இப்படியே போனது.

வழி காட்டியது எங்கள் தெரு அங்கன்வாடி அக்கா. ஆர்பிஎஸ்கே என்ற அரசுக் குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்தபோது இவன் பெயரையும் சொல்லி, அரசு மருத்துவமனையில் இருக்கும் டிஇஐசி மையத்துக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தை ஆரம்பத்திலேயே கவனிக்க மாவட்டத்தில் இப்படி ஒரு இடம் இருப்பதும், காசு வாங்காமல் பார்ப்பதும் அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அங்கிருந்த தெரபிஸ்ட் நாற்காலியே போடவில்லை. தரையில் உட்கார்ந்து பந்தை எடுத்தார். “இரு... இரு... போ!” பந்து உருண்டது. ஐந்தாவது தடவை ‘போ’வுக்கு முன்னால் இவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை யார் முகத்தையும் அவன் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வாயைப் பாக்கணும், நாம காட்டுற பொருளைப் பாக்கணும், நம்ம முறை வர்ற வரைக்கும் பொறுக்கணும். பேச்சு அதுலதான் வளருது. கவனம் தாவிக்கிட்டே இருந்தா வார்த்தை பாதிதான் உள்ள போகும். அதே சமயம், சொல்றது புரியலைன்னா எந்தப் பிள்ளையும் எழுந்து ஓடத்தான் செய்யும். எது முதல்னு கேக்காதீங்கம்மா, ரெண்டையும் சேர்த்தே பாப்போம்.” துறுதுறுப்பான பிள்ளைகள் எல்லாருக்கும் பேச்சு தாமதமாகாது, பேச்சு தாமதமான எல்லாருக்கும் ஏடிஹெச்டி இருக்காது, ஆனால் இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமும் இல்லை என்றார். ஆட்டிசம் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்து, இல்லை என்று சொன்னார்கள்.

வீட்டில் செய்யச் சொன்னவை சின்ன விஷயங்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேச வேண்டும். தூரத்திலிருந்து கத்தாமல், கிட்டே போய்க் குனிந்து, முகத்துக்கு நேராக, நீளமாக இல்லாமல் ஓரிரு சொல்லில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும். எனக்கு இதுதான் மிகக் கஷ்டமாக இருந்தது. இரண்டு எண்ணுவதற்குள் நானே பதிலைச் சொல்லிவிடுவேன். சோப்புக் குமிழியை ஊதி நிறுத்திவிட்டுக் காத்திருந்த ஒரு சாயங்காலம், பத்தும் எண்ணி முடித்த பிறகு, “இன்னும் ஊது” என்றான். நோட்டில் முதல் இரண்டு சொல் வாக்கியம் அது. அப்போது அவனுக்கு மூன்று வயது, பதினோரு மாதம்.

நாலரை வயதில் முறையான மதிப்பீடு செய்தார்கள். வீடு, பள்ளி என இரண்டு இடத்திலும் அறிகுறி இருக்கிறதா என்று பார்ப்பதால் பள்ளிக்கும் ஒரு படிவம் தருவார்கள். எல்கேஜி மிஸ், பிள்ளைக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்ற பாசத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோனேன். வீட்டுப் படிவம் ஒன்று சொல்ல, பள்ளிப் படிவம் வேறு சொல்ல, திரும்பப் பள்ளிக்கு, திரும்ப மருத்துவமனைக்கு. படிவம் கொடுக்கும்போதே மிஸ்ஸிடம் உட்கார்ந்து பேசுங்கள். இது மார்க் ஷீட் இல்லை, உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் பிள்ளைக்கு உதவி கிடைக்கும் என்று சொல்லுங்கள்.

ஏடிஹெச்டியும் மொழித் தாமதமும் சேர்ந்து இருப்பதாக முடிவு வந்தது. மாத்திரை தருவார்களோ என்று பயந்திருந்தேன். இந்த வயதில் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி என்று சொல்லி, அதையே தொடங்கினார்கள்.

இன்னொரு வீண் அலைச்சலையும் சொல்லிவிடுகிறேன். உறவினர் ஒருவர் பேச்சைக் கேட்டு, சான்றிதழ் வாங்க மாற்றுத்திறனாளிகள் முகாமில் காலை ஏழு மணியிலிருந்து வரிசையில் நின்றோம். பதினொன்றரைக்கு மேசையில் இருந்தவர் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல், “இது லிஸ்ட்லயே இல்ல” என்று தள்ளிவிட்டார். அவர் சொன்ன விதம் தப்பு, ஆனால் விஷயம் சரிதான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி தனியாக இல்லை. போவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது யுகேஜி. வார்த்தைகளை எண்ணுவதை விட்டு, வாக்கியங்களை எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்ல இன்னும் வரவில்லை, கடைசியில் நடந்ததிலிருந்து ஆரம்பித்து நடுவில் வேறு எங்கோ போய்விடுவான். அதற்குத் தெரபி தொடர்கிறது. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் நான் அவசரமாக நடக்க, சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, “அம்மா இரு. பஸ் வரல” என்றான். அன்றைய தேதியோடு அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.