ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி

“உங்கள் பேட்டி முழு ரகசியமாகப் பாதுகாக்கப்படும்.” என் ஒப்புதல் படிவத்தில் இருந்த இந்த வரியைப் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் தலைவர் சிவப்பு மையால் சுற்றியிருந்தார். பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: “இதை உங்களால் எப்படிக் காப்பாற்ற முடியும்?”

என் முனைவர் பட்ட ஆய்வு, வன்முறை இயக்கங்களில் இருந்தவர்கள் அதிலிருந்து எப்படி விலகி வருகிறார்கள் என்பதைப் பற்றியது. பேட்டி எடுக்க அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு முதல் விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து முதல் பேட்டி வரை பதினொரு மாதங்கள் ஆயின. இந்தத் துறைக்குள் நுழையும் மாணவர்களுக்கு அந்தப் பதினொரு மாதங்களில் நடந்ததைச் சொல்லலாம் என்று தோன்றியது. கோட்பாடுகளுக்குப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் முதலில் கோபம்தான் வந்தது. ரகசியம் காப்போம் என்று சொல்லாமல் யாரைப் பேச வைப்பது? என் நெறியாளர் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் நடந்ததைப் படித்துவிட்டு வரச் சொன்னார். வட அயர்லாந்தில் ஆயுதக் குழுக்களில் இருந்த பலரை 2001 முதல் 2006 வரை அந்தக் கல்லூரியின் திட்டம் ஒன்றுக்காகப் பேட்டி எடுத்துப் பதிவு செய்தார்கள். நீங்கள் உயிரோடு இருக்கும் வரை ஒலிநாடாக்கள் வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் பேசினார்கள். பழைய கொலை வழக்கு ஒன்றுக்காக 2011இல் நீதிமன்ற ஆணை வந்தது. சில பதிவுகளைக் காவல்துறையிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆய்வாளர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தங்கள் கையில் இல்லாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதைப் படித்த பிறகு என் படிவத்தில் அந்த வரியை வைத்திருக்க எனக்கே மனம் வரவில்லை.

புதிய படிவத்தில் “சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே ரகசியம் காக்க முடியும்” என்று எழுதினேன். ரெக்கார்டரைப் போடுவதற்கு முன்பு வாய்விட்டுச் சொல்ல வேண்டியவற்றையும் சேர்த்தேன். வழக்காகாத குற்றங்களைப் பற்றி என்னிடம் சொல்லாதீர்கள். ஆட்களின் பெயர், தேதி, இடம் வேண்டாம். இனி நடக்கப்போகும் தாக்குதல் பற்றி ஏதாவது சொன்னால் நான் உரியவர்களிடம் தெரிவித்தே ஆக வேண்டும்.

கையெழுத்து வாங்கும் இடத்தையும் குழு எடுக்கச் சொன்னது. கையெழுத்திட்ட தாள்தான் அந்த ஆள் என்னிடம் பேசினார் என்பதற்கு இருக்கும் ஒரே ஆதாரமாகிவிடும், அது யார் கையில் வேண்டுமானாலும் சிக்கலாம் என்றார்கள். அதனால் பெயர் சொல்லாமல் வாய்மொழிச் சம்மதம் மட்டும். இது எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது முறை விண்ணப்பம் திரும்பி வந்தது இணையத் தரவுகளுக்காக. இயக்கங்களின் பிரசுரங்களையும் காணொளிகளையும் சேகரிப்பேன் என்று எழுதியிருந்தேன். இணைய நிறுவனங்கள் அவற்றை வேகமாக நீக்கிவிடுகின்றன, நீக்குவதும் சரிதான். ஆனால் ஆய்வாளருக்கு உடனே தரவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும். அங்கேதான் ஆபத்து. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம், பிரிவு 58, பயங்கரவாதச் செயலுக்குப் பயன்படக்கூடிய தகவலை வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. நியாயமான காரணம் இருந்தால் அதை எதிர்வாதமாகச் சொல்லலாம். 2008இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரும் ஒரு ஊழியரும் பயங்கரவாதச் சந்தேகத்தில் கைதானார்கள். ஆய்வுக்காக எடுத்த கையேடு ஒன்றுதான் காரணம். அது அமெரிக்க அரசின் இணையதளத்திலேயே கிடைத்த ஆவணம். ஆறு நாள் காவலுக்குப் பிறகு அந்தச் சந்தேகத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விடப்பட்டார்கள். ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. அதனால் எதையும் தேடத் தொடங்கும் முன்பே உங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சொந்த போனிலும் வீட்டு லேப்டாப்பிலும் தொடவே வேண்டாம். எனக்குத் துறையில் தனிக் கணினி கொடுத்தார்கள். எந்தத் தேதியில் எதை, எதற்காகத் திறந்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன்.

குழு இன்னொன்றும் கேட்டது: “உங்கள் ஆய்வுக் கேள்விக்குக் காணொளி தேவையா?” யோசித்துப் பார்த்தால் தேவையில்லை. எழுத்துப் பிரசுரங்களே போதும். அப்படித்தான் மாற்றினேன்.

அப்படியும் தப்பவில்லை. ஒரு மாலை, எழுத்து என்று நினைத்துத் திறந்த பக்கத்தில் காணொளி தானாக ஓடத் தொடங்கியது. மூடுவதற்குச் சில நொடிகள்தான் ஆகியிருக்கும். பார்த்தது மங்கிவிட்டது, ஒருவர் கெஞ்சிய குரல் போகவில்லை. இரண்டு வாரம் சரியாகத் தூக்கம் இல்லை. இதைச் சொன்னால் இந்தத் தலைப்புக்குத் தகுதியில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, நெறியாளரிடம் பத்து நாள் கழித்துத்தான் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?” அப்புறம் அவருக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். உட்காரும் முன்பே ஒலியை அணைத்துவிடு. தானாக ஓடுவதை நிறுத்திவை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சின்னதாக்கிப் பார். இருட்டிய பிறகு வேண்டாம், தூங்கும் அறையில் கண்டிப்பாக வேண்டாம். வாரம் ஒருமுறை யாரிடமாவது பேசு. இவையெல்லாம் சின்ன விஷயங்கள்தான், ஆனால் அன்று ஒலியை அணைத்திருந்தால் அந்தக் குரல் என்னிடம் இருந்திருக்காது.

மூன்றாவது விண்ணப்பத்துக்கு அனுமதி கிடைத்தது. அதன்பிறகு ஆள் கிடைக்க நான்கு மாதம். நேரடியாக யாரையும் தொடர்பு கொள்ளக் கூடாது என்பது நிபந்தனை. வன்முறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு உதவும் அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் போனேன். நார்வேயில் 1997இல் தொடங்கிய ‘எக்ஸிட்’ திட்டத்தைப் பின்பற்றி இப்படிப்பட்ட அமைப்புகள் பல நாடுகளில் வந்தன. நான் போன அமைப்பினர் என்னை மூன்று முறை அழைத்துப் பேசினார்கள். பேசுகிறவருக்கு இதனால் என்ன கிடைக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி.

கேள்விகளைச் சோதித்துப் பார்க்க எடுத்த முன்னோட்டப் பேட்டியில் “ஏன் சேர்ந்தீர்கள்?” என்று கேட்டேன். ஏற்கெனவே பலரிடம் சொல்லிப் பழகிய பதில், மேடைப் பேச்சு போல வந்தது. “முதல் முறை போன அன்று என்ன நடந்தது? கூட வந்தவர் உங்களுக்கு யார், நண்பரா, அண்ணனா? பெயர் வேண்டாம்” என்று மாற்றிக் கேட்டதும் குரலே மாறியது. “ஏன்” என்பதைவிட “எப்படி” என்று கேளுங்கள் என இத்துறையில் பலரும் சொல்வதன் அர்த்தம் அன்றுதான் புரிந்தது.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். பேட்டி கொடுத்த ஒருவர் இயக்கத்தில் சேரும் முன்பு ஆசிரியராக இருந்தவர். அந்த இயக்கத்தில் ஆசிரியர் அவர் ஒருவர்தான். அந்த ஒரு சொல்லே அவர் யார் என்று பழைய கூட்டாளிகளுக்குச் சொல்லிவிடும். “படித்த வேலையில் இருந்தவர்” என்று மாற்றினேன்.

முதல் பேட்டிக்கு வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். படிவத்தை முழுவதும் படித்தார். “ஏம்மா, இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் எதுவும் வெளிய போகாதுன்னுதான் சொன்னாங்க. போகலாம்னு எழுதிக் கொடுத்தது நீங்க ஒருத்தர்தான்.” எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். “சரி, போடுங்க” என்று ரெக்கார்டரைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார். இரண்டரை மணி நேரம் பேசினார்.

சொன்னதைத் திரும்பப் பெற இரண்டு வாரம் அவகாசம் கொடுத்திருந்தோம். பதிமூன்றாம் நாள் அந்த அமைப்பின் வழியாகச் சொல்லி அனுப்பினார்: தம்பியைப் பற்றிப் பேசிய பகுதி வேண்டாம். முழுப் பேட்டியிலும் என் ஆய்வுக்கு மிகவும் தேவைப்பட்டது அந்தப் பதினைந்து நிமிடம்தான். ஒலிப்பதிவிலும் எழுதியெடுத்ததிலும் அதை அழித்துவிட்டு, அழித்த தேதியை நோட்டில் குறித்தேன். நான்காம் அத்தியாயத்தில் அந்த இடத்துக்கு வேறு எதையும் நான் வைக்கவில்லை.