களர் வயலைச் சம்பாவுக்குத் தேற்றிய அனுபவம்

மன்னார்குடிக்குக் கிழக்கே உள்ள எங்கள் வயலில், நட்ட இரண்டு மூன்று வாரங்களிலேயே அடியிலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றும். இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளுக்கும். பயிர் திட்டுத்திட்டாகக் குன்றிவிடும். யூரியாவைக் கூட்டிப் போடச் சொன்னவர்களே அதிகம். ஆனால் இவை துத்தநாகப் பற்றாக்குறையின் அடையாளங்கள். மண்ணில் காரத்தன்மை மிகும்போது துத்தநாகமும் இரும்பும் மண்ணிலேயே இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாத நிலைக்குப் போய்விடும். ஆகவே மண்ணைப் பரிசோதித்த பிறகே அடுத்த உரம் என்று முடிவு செய்தேன்.

அறுவடை முடிந்து, எரு எதுவும் இடாத நிலையில், வரப்போரத்தையும் மரநிழலையும் தவிர்த்து, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுத்தேன். நன்றாக விளையும் பகுதியின் மண்ணையும் குன்றிப்போகும் பகுதியின் மண்ணையும் தனித்தனியே நிழலில் உலர்த்திக் கொடுத்தேன். இரண்டையும் கலந்திருந்தால் எந்த இடத்துக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் கிடைத்திருக்கும்.

குன்றிய பகுதியின் பி.எச். அளவு 9.1 என்று அறிக்கை வந்தது. இந்த அளவுகோலில் ஓர் எண் கூடினால் காரத்தன்மை பத்து மடங்காகிறது என்பதால், நடுநிலையான 7-க்கும் 9-க்கும் இடையே நூறு மடங்கு வேறுபாடு உண்டு. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் குறைவாகவும், களிமண் துகளில் ஒட்டியிருக்கும் சத்துகளில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டுக்கு மேலாகவும் இருந்ததால், இது உப்பு மிகுந்த உவர் நிலமன்று, சோடியம் மிகுந்த களர் நிலம் என்பது உறுதியாயிற்று. உவரை நல்ல நீரால் கழுவினாலே பெரும்பாலும் போதும். களருக்கு அது போதாது.

சுண்ணாம்பு இடலாம் என்றும் ஒருவர் சொன்னார். பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கி, அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும் நீலகிரி போன்ற இடத்து அமில மண்ணுக்கே சுண்ணாம்பு ஏற்றது. களரில் அது கேட்டையே கூட்டும். எங்களுக்கு வேண்டியது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அதிலுள்ள கால்சியம் களிமண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெளியேற்றி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வெளியேறிய சோடியம் சல்பேட்டாக நீரில் கரைந்துவிடும். அந்த நீர் வயலைவிட்டுப் போகாவிட்டால் செய்த வேலை வீண். பக்கத்து வயல் பெரியப்பா இதையே, "தண்ணி கட்டுறது பெரிசில்ல தம்பி, வடியணும்" என்றார். முதலில் வடிகாலைத்தான் வெட்டினோம்.

மேட்டூரிலிருந்து திறந்த ஆற்றுநீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்ததும், சமன்படுத்தி உழுத வயலில், அறிக்கை குறித்த ஜிப்சம் தேவையில் பாதியைத் தூவி, நீரைத் தேக்கி, இரண்டு நாள் நிறுத்தி வடித்து, மீண்டும் தேக்கி வடித்தோம். ஆழ்துளைக் கிணற்றில், கால்சியத்தைப் படியவைத்துவிடும் பைகார்பனேட் என்னும் கார உப்பு மிகுந்திருந்ததால் அந்த நீரைத் தொடவில்லை. மாற்றத்தை ஒரு கண்ணாடி டம்ளரிலேயே பார்க்க முடிந்தது. முன்பெல்லாம் வயல்நீரை மொண்டு இரவு முழுதும் வைத்தாலும் கலங்கலாகவே நிற்கும், ஏனெனில் சோடியம் களிமண்ணைத் துகள் துகளாகப் பிரித்து மிதக்க விடுகிறது. ஜிப்சம் இட்டபின் மொண்ட நீரில் வண்டல் அடியில் படிந்து, மேல்நீர் தெளிந்திருந்தது. கால்சியம் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

பிறகு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதோம். அது மட்கும்போது எழும் கரியமில வாயுவும் காரத்தன்மையைத் தணிக்க உதவுகிறது. நடவுக்கு முன் ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தோடு சேராமல் தனியே தூவினோம். களரைத் தாங்குவதற்கென 2010-இல் வெளியிடப்பட்ட, 135 நாள் வயதுடைய டி.ஆர்.ஒய். 3 என்ற நெல் ரகத்தை நட்டோம். நாற்று பச்சை பிடித்து ஒரே சீராகத் தூர் கட்டியதைக் கண்டு அடைந்த நிறைவு கொஞ்சமல்ல.

அறுவடைக்குப்பின் எடுத்த மண்ணில் பி.எச். 8.6 ஆக இறங்கியிருந்தது. வடிகாலைவிடத் தாழ்ந்து கிடக்கும் தென்கிழக்கு மூலை மட்டும் இன்னும் தேறவில்லை. அங்கே மண் அடித்து மேடாக்கிய பிறகே மறுபடி ஜிப்சம் இடவேண்டும். உளுந்து நெல்லைப் போலக் களரைத் தாங்காது என்பதால், அந்த மூலையில் இந்த ஆண்டு உளுந்து தெளிக்கவில்லை.