எங்கள் எஸ்டேட்டை இடிக்கிறார்கள்: ஒரு லீஸ்ஹோல்டரின் அனுபவம்

நாங்கள் இருப்பது லண்டனில், எழுபதுகளில் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) கட்டிய கான்கிரீட் எஸ்டேட் ஒன்றில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில். கவுன்சில் வாடகைதாரர் தான் இருக்கும் வீட்டையே வாங்கலாம் என்று 1980 சட்டம் தந்த ‘ரைட் டு பை’ உரிமையில் ஒருவர் வாங்கிய வீட்டை அவரிடமிருந்து வாங்கினோம். நீண்டகாலக் குத்தகையில் வீட்டை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களைத்தான் லீஸ்ஹோல்டர் என்பார்கள்.

தட்டையான கூரையில் தேங்கும் தண்ணீர் மேல்மாடி வீடுகளுக்குள் இறங்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து, நடைபாதை ஓரங்கள் பெயர்ந்து விழும். கவுன்சில்காரர்கள் எதையும் முழுசாகச் சரிசெய்யாமல் ஒட்டுப்போட்டே ஓட்டிவிட்டு, கடைசியில் அந்த நிலையையே காரணமாகக் காட்டி இடிக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஷெஃபீல்டில் 1961-இல் கட்டி முடித்த பார்க் ஹில் எஸ்டேட்டும் கான்கிரீட்தான். 1998-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்ததால் அதன் சட்டகத்தை வைத்துக்கொண்டே புதுப்பித்தார்கள். கிழக்கு லண்டனின் ராபின் ஹூட் கார்டன்ஸ் எஸ்டேட்டுக்கு அந்த அறிவிப்பு கிடைக்கவில்லை. 2017-இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, இடிக்கலாமா என்று எங்களிடம் நடத்திய வாக்கெடுப்புக்கு வருகிறேன். லண்டன் மேயரின் நிதியில் சமூக வீடுகளை (குறைந்த வாடகைக்கு விடப்படும் வீடுகளை) இடித்துப் பெரிய அளவில் கட்டுவதென்றால், 2018 ஜூலை முதல் குடியிருப்பவர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சமூக வாடகைதாரர்களுக்கும், ஓராண்டாவது அங்கேயே குடியிருக்கும் லீஸ்ஹோல்டர்களுக்கும் ஓட்டு உண்டு. தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர், சமூக வீட்டுக்காகக் காத்திருப்போரின் கவுன்சில் பதிவுப் பட்டியலில் ஓராண்டு இருந்தால்தான் ஓட்டுப் போடலாம். எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்கு ஓட்டே இல்லை. இடிப்பால் முதலில் வெளியேற வேண்டியவர்கள் அவர்கள்தான். இது அநியாயம் என்று கூட்டத்திலேயே சொன்னேன்.

வாக்கெடுப்புக்கு முன் ஒரு வாக்குறுதிக் கையேடு தருவார்கள். அதை வரி விடாமல் படியுங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னது அதில் இல்லையென்றால், எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

‘ஆம்’ வென்றது. அப்புறம் விலை பேசும் கட்டம். இதில் எங்களைக் காப்பாற்றியவர் நாங்களே அமர்த்திக்கொண்ட சர்வேயர், அதாவது வீட்டு மதிப்பீட்டாளர். நியாயமான அளவுக்கு அவர் கட்டணத்தை வீட்டை வாங்கும் தரப்புதான் கொடுக்க வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. எஸ்டேட் சீரழிந்ததையும் இடிப்புத் திட்டத்தையும் காட்டி விலையைக் குறைக்கப் பார்த்தார்கள். திட்டத்தால் விழுந்த மதிப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று வாதாடி அவர் விலையை ஏற்றினார். சந்தை விலைக்கு மேல் 10 சதவீதம் வீட்டிழப்புத் தொகை உண்டு. அதற்கு உச்சவரம்பும் உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டு வெளியே இருக்கும் உரிமையாளருக்கு 7.5 சதவீதம்தான்.

அந்தப் பணத்தில் அதே இடத்தில் புது வீட்டை முழுசாக வாங்க முடியாது. எனவே பங்கு உரிமைக்கு ஒப்புக்கொண்டோம்: எங்கள் பணம் போக மீதிப் பங்கு அவர்களுடையது, அதற்கு வாடகை கிடையாது. ஆனால் புது வீட்டின் சர்வீஸ் சார்ஜ் (பராமரிப்புக் கட்டணம்) எவ்வளவு என்பதை இன்னும் எழுத்தில் தரவில்லை. அது வராமல் கையெழுத்துப் போடுவதாக இல்லை.