டேங்கின் சிவப்பும் சைட் கவரின் சிவப்பும்

சென்ற ஜூன் மாதம், இலங்கை மலையகத்தில் கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வழியில், மழையில் ஊறிக் கிடந்த ஒரு வளைவில் என் ஹொண்டா மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. வண்டிக்கோ இடப்பக்கச் சைட் கவர் வெடித்து, பெற்றோல் டேங்கின் ஓரத்தில் விரல் நீளத்துக்குத் தகரம் தெரியுமளவு பெயின்ட் உரிந்துபோனது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து, கையில் இருப்பதைச் செப்பனிட்டு ஓட்டும் பழக்கம் எங்கள் பக்கத்தில் ஊறிவிட்டது; நானும் அதையே செய்தேன். வெடிப்பை உட்புறமாக ஒட்டி, புட்டி பூசி, தேய்த்துச் சமப்படுத்த ஒரு நாள் போதுமாக இருந்தது. நிறம் சேர்க்கத்தான் மூன்று வாரங்கள் சென்றன.

வண்டியில் ஒட்டப்பட்டிருக்கும் நிறக் குறியீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே பெயின்ட் கிடைத்துவிடும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். ஹொண்டாவின் குறியீட்டில் ஆர் என்று தொடங்கினால் சிவப்பு, பிபி என்றால் ஊதா கலந்த நீலம், என்எச் என்றால் கறுப்பு, வெள்ளை, சாம்பல் போன்ற சாயலற்ற நிறங்கள். என்னுடையது வெள்ளிபோல் மினுங்கும் அலுமினியத் துகள் கலந்த அடர் சிவப்பு. நகரத்துக் கடையொன்றில் அந்தக் குறியீட்டின்படி கலந்து, ஒரு அட்டையில் தடவி, டியூப் லைட்டின் கீழ் டேங்கோடு வைத்துக் காட்டினார்கள். வித்தியாசமே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து முற்றத்தில் பார்த்தபோது இரண்டும் வேறு வேறு சிவப்பாக இருந்தன. வெவ்வேறு நிறமிகளால் ஆன இரண்டு பூச்சுகள் ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோலவும் பகல் வெளிச்சத்தில் வேறாகவும் தெரிவது உண்டு என்பதால், குழப்பம் அதில்தான் என்று முதலில் எண்ணினேன்.

வண்டிக்குப் பெயின்ட் அடிக்க வந்த பாஸ் (கைத்தொழிலாளியை இங்கே அப்படித்தான் அழைப்போம்) அதை ஏற்கவில்லை. அவர் சீட்டைக் கழற்றி, அதன் அடியில் மறைந்திருந்த டேங்கின் பின் விளிம்பில் அந்த அட்டையை வைத்துக் காட்டினார். அச்சு அசலாகப் பொருந்தியது. கடைக்காரர் தவறு செய்யவில்லை. அவர் தந்தது என் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிறம். ஒன்பது ஆண்டுகள் கொட்டகை இல்லாமல் வெளியில் நின்ற டேங்கின் மேற்பகுதி அந்த நிறத்தை விட்டு எப்போதோ விலகிப்போய்விட்டது. குளிர்ந்த ஊர், இங்கே வெயில் பெயின்டை என்ன செய்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது புற ஊதாக் கதிர்களின் வலிமை ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. வெளிறும் நிறங்களில் சிவப்பு முன்வரிசையில் நிற்பது.

ஆகவே குறியீட்டைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, இன்றைய டேங்கை நோக்கிப் பெயின்டை நகர்த்த வேண்டியிருந்தது. அதற்கு முன் டேங்கை ரப்பிங் கொம்பவுண்ட் என்ற மெருகேற்றும் பசை போட்டுத் தேய்த்தோம். மேலே படிந்த மங்கலைப் பார்த்து நிறம் கலந்தால், பிறகு ஒருநாள் பொலிஷ் செய்யும்போது உண்மை நிறம் வெளிப்பட்டுவிடும். இப்படிப்பட்ட பெயின்டை வெளிறச் செய்ய வெள்ளித் துகள் பெயின்டைக் கூட்டலாம், வெள்ளையைக் கலக்கக் கூடாது என்பது நான் கற்ற முதல் பாடம். வெள்ளை ஒரு சொட்டு விழுந்தாலும் துகளின் மினுக்கம் பால் ஊற்றியதுபோல் கலங்கிவிடுகிறது. ஒவ்வொரு கலவையையும் ஒரு தகரத் துண்டில் அடித்து, காயவிட்டு, மேலே போடும் நிறமற்ற பூச்சான கிளியரும் பூசிய பின்னரே பார்த்தோம், ஏனெனில் கிளியர் போடாத பெயின்டின் நிறம் கண்ணை ஏமாற்றும்.

ஐந்தாவது தகரம் பொருந்தியது என்று நான் மகிழ்ந்த நாளில் பனி முற்றத்தில் இறங்கி நின்றது. "பனி மூடியிருக்கயில கலர் பாக்காதீங்க சேர்" என்றார் பாஸ். அன்று விளங்கவில்லை, இரண்டு நாள் கழித்து வெயில் வந்தபோது விளங்கியது. பனியில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சீராக வருவதால் அலுமினியத் துகள்கள் எப்படிப் படுத்திருந்தாலும் ஒன்றுபோலவே தெரிகின்றன. வெயிலிலோ சற்றுச் சாய்த்துப் பார்க்கையில் பொருந்திய தகரம், நேராகப் பார்த்ததும் டேங்கைவிடக் கறுத்தது. கலவை சரியாகத்தான் இருந்தது. பெயின்டை ஈரமாக அடித்ததால் துகள்கள் நிமிர்ந்தும் சாய்ந்தும் உள்ளே அமிழ்ந்துவிட்டிருந்தன. பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து மெல்லிய பூச்சாக அடித்தபோது அதே பெயின்ட் வெளிறியது. ஒரே டப்பாவிலிருந்து இரண்டு நிறம் வரும் என்பதை நேரில் காணாதவர் நம்ப மாட்டார்.

மிச்சம் ஈரத்தோடு நடந்த போராட்டம். பெயின்டை இளக்கச் சேர்க்கும் தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று அந்தக் குளிரில் பனித்துளியாக ஒட்டி, பெயின்டுக்குள் சாம்பல் பூத்தாற்போல் படிந்துவிடுகிறது. மெதுவாகக் காயும் தின்னரால் அது குறையும், ஆனால் மழை விடாத ஜூலையில் அதுவும் கைகொடுக்கவில்லை. பாஸ் துப்பாக்கியைக் கழுவி வைத்துவிட்டு நான்கு நாட்கள் வரவேயில்லை. அவசரப்படுத்தாததற்கு இன்று மகிழ்கிறேன். (கிளியர் இறுகுவதற்காகச் சேர்க்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் உண்டு. முகத்தில் துணி கட்டிக்கொண்டு அடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அதற்குரிய முகமூடியில்லாமல் பக்கத்தில்கூட நிற்கக் கூடாது.)

டேங்கில் கீறலை மட்டும் மூடாமல், நிறத்தை ஓரங்களில் மங்கலாக விரித்து, கிளியரை முழு டேங்குக்கும் பூசினோம். சைட் கவர் தனித் துண்டு என்பதாலும் டேங்கோடு ஒரே கோணத்தில் நிற்காததாலும் அதில் சிறு வேறுபாடு கண்ணில் படுவதில்லை. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எனக்கு மட்டும் தெரிகிறது. கடைசித் தகரத் துண்டின் பின்புறம் கலவை அளவுகளை எழுதி, வெயில் படாமல் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். வலப்பக்கக் கவரிலும் ஒரு மயிரிழை வெடிப்பு இருப்பதை நேற்றுத்தான் கண்டேன்.