மூன்றாவது தோட்டா

இன்று காலை துப்பாக்கி சுடும் பயிற்சிக் களத்தில், புதிய மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடு) ஏறிய மூன்றாவது தோட்டா மீண்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு சுடுமுன் தோட்டா அமரும் அறையின் வாயிலில் முட்டி நின்றது.

அதே பெட்டித் தோட்டாக்களைத் துப்பாக்கியோடு வந்த பழைய மேகசினில் நிரப்பிச் சுட்டேன். 10 தோட்டாக்களும் தடங்கலின்றிப் போயின. அதைவிட நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கிய புதியதுதான் திணறுகிறது.

வீட்டுக்கு வந்து வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் உதடுகள் இரண்டும் இணையாக இல்லை. முன்பக்கம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகன்றிருக்கிறது.

மேகசினின் உயிர் அந்த உதடுகளில்தான் இருக்கிறது. சுருள்வில் எவ்வளவு நேர்த்தியாக மேலே தள்ளினாலும், தோட்டாவை அறைக்குள் தள்ளும் பாகமான போல்ட் வந்து உந்தும் கணத்தில் அதை எந்தக் கோணத்தில் விடுவிப்பது என்பதை அவையே தீர்மானிக்கின்றன. (பளபளக்கும் பூச்சுக்கு இதில் பங்கேதும் இல்லை, விலையில் பெரும்பங்கு அதற்குத்தான் போலும்.)

படங்களோடும் அளவுகளோடும் தயாரிப்பாளருக்கு எழுதினேன். முதல் பதில் துப்பாக்கியைச் சுத்தம் செய்யச் சொன்னது. இரண்டாவது பதில் தோட்டாவை மாற்றிப் பார்க்கச் சொன்னது.

பழைய மேகசினில் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்ததை எவரும் படித்ததாகத் தெரியவில்லை.

பழுதுள்ள பொருள் எந்தப் பட்டறையிலிருந்தும் வரலாம், அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. நான் அளந்து சொன்னதை ஒருவரேனும் சரிபார்க்க முன்வராததே உறுத்துகிறது.

மாலையில் மூன்றாவது பதில் வந்தது. உதடுகள் தேய்மானத்துக்கு உட்பட்ட பகுதி என்பதால் உத்தரவாதத்தில் அடங்காதாம்.

அந்த மேகசினில் நான் இதுவரை நிரப்பியவை மொத்தமே 60 தோட்டாக்கள்.