29ஆம் கட்டம்

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு

செயின்ட் லூயிஸ் அமெரிக்க ராணுவ ஆவணக் காப்பகத்து உறை நேற்றே வந்துவிட்டது. இன்று மத்தியானம் வரை பிரிக்கவில்லை. காரைக் கழுவினேன், பாப்பாவின் சைக்கிளுக்குக் காற்றடித்தேன், கழுவிய காரையே மறுபடி துடைத்தேன்.

அந்த ஆவணக் காப்பகம் 1973 ஜூலையில் பற்றி எரிந்தது. ஒன்றரைக் கோடிக்கு மேல் ராணுவக் கோப்புகள் சாம்பல். என் கோப்பு 2013இல் முடிந்தது, அதற்கும் அந்தத் தீக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து தபால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், என்னுடையதும் எரிந்திருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வரும். எரிந்தால் எதைத் திருத்தச் சொல்லிக் கேட்பாய் என்று அடுத்த நினைப்பு.

எல்லாம் இருக்கிறது. டிடி-214 என்ற வெளியேற்றச் சான்றின் நாலாம் பிரதியும். சுருக்கப் பிரதியில் கடைசிக் கட்டங்கள் இருக்காது, வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் அதைத்தான் நீட்டினேன். விவரம் தெரிந்தவர்கள் பார்த்ததும் "நாலாம் பிரதி எங்கே?" என்பார்கள். அதோடு சரி.

4ஆம் கட்டம்: பிரைவேட், இ-1. ஸ்பெஷலிஸ்டாக இருந்தவன், ஒரே கையெழுத்தில் அடிமட்டத்துக்கு வந்தேன். 13: பதக்கங்கள், காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ். 24: 'கௌரவமானது அல்லாத நிலைமையில்'. இதைத் தமிழில் எப்படிச் சொன்னால் அப்பாவுக்குக் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று 12 வருடமாக யோசிக்கிறேன். 28: காரணம், கோர்ட் மார்ஷலுக்குப் பதிலாக வெளியேற்றம். 29: இழந்த காலம், 20130505 முதல் 20130619 வரை.

இழந்த காலம். இப்படி ஒரு தலைப்பை யோசித்தவன் குமாஸ்தாவா கவிஞனா தெரியவில்லை.

செப்டம்பர் 15

மறுபடி எண்ணினேன். 46 நாள்தான்.

செப்டம்பர் 21

சட்டக் கல்லூரி இலவச மையத்து மாணவி ஒரு மணி நேரம் பேசினாள். என் பாதி வயது. போன தடவை, வெளியேற்றத்தை மாற்றக் கேட்கும் டிடி-293 படிவத்தை நானே பூர்த்தி செய்து, இரண்டு பக்கம் அழுது எழுதி அனுப்பினேன். காகிதங்களை மட்டும் பார்த்துவிட்டு, வெளியேற்றம் 'முறையானதும் நியாயமானதும்' என்று பதில் போட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது நேரில் கேட்கும் வாய்ப்பு. வெளியேறிய நாளிலிருந்து 15 வருடம்வரை இந்த வெளியேற்ற மறுஆய்வு வாரியத்திடம் போகலாம். அதற்கப்புறம் டிடி-149 படிவம், வேறு வாரியம், வேறு கதவு.

2017 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த குர்ட்டா குறிப்பாணையின் நான்கு கேள்விகளை அனுப்பியிருக்கிறாள். தவறை மன்னிக்கவோ குறைத்துப் பார்க்கவோ இடம்தரும் நோயோ அனுபவமோ உனக்கு உண்டா? அது சேவையில் இருந்தபோது ஏற்பட்டதா? அது உண்மையிலேயே அந்தத் தவறைக் குறைக்கிறதா? அந்த வெளியேற்றத்தைவிட அது கனமானதா?

குளிர்பெட்டியில் ஒட்டிவைத்தேன். இவள், என் மனைவி, பால் எடுக்கும்போது படித்துவிட்டு, "வீட்டுக் கடன் கேள்வி மாதிரி இருக்கு" என்றாள்.

கடைசியாக மாணவி கேட்டது: "அந்த 46 நாளும் என்ன செய்தீர்கள்?"

அம்மா இறந்துபோனாள் என்றேன். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. அவளுக்கும் தெரிந்தது.

அக்டோபர் 1

பட்ஜெட் ஒத்துவராமல் அரசாங்கத்தை மூடிவிட்டார்கள். டிசம்பரில் வாரியத்தின் நேர் விசாரணை நடக்குமா என்று மாணவிக்கு எழுதினேன். பதில் இல்லை.

அக்டோபர் 5

வாக்குமூலத்தின் ஏழாவது வரைவு. 'என் தாயாரின் மரணத்தால்' என்று தொடங்குகிறது. அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தேன்.

கணக்கு இதுதான். ஏப்ரல் 20 முதல் 15 நாள் அவசர விடுப்பு. அம்மா போனது ஏப்ரல் 29. பதினாறாம் நாள் காரியம் மே 14. அதுவரைக்கும் எவனிடமும் ஒரு நியாயம் சொல்லலாம். நீட்டிப்புக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் 36 நாள். அந்த 36க்கு அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

முப்பது நாள் தாண்டினால் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள், கணக்கில் ஓடிப்போனவன். அது எனக்கு அன்றே தெரியும். மே மாதக் காலண்டரில் அப்பாவும் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 12

ஒஹாயோவிலிருந்து சார்ஜென்ட் கடிதம். ஒன்றரைப் பக்கம், கையால் எழுதியது. 'நாங்கள் அவனை ஆல்ஃபபெட் என்றுதான் கூப்பிடுவோம், அவன் பெயரில் அத்தனை எழுத்து' என்று ஆரம்பிக்கிறார். 2011 செப்டம்பர், ஆப்கானிஸ்தான், காந்தஹார் ரோடு, இரண்டாவது வண்டியின் ஸ்டீயரிங்கில் நான் இருந்தேன், நிறுத்தவில்லை, சுற்றி வளைத்து ஓட்டி மற்றவர்களைக் கொண்டு சேர்த்தேன் என்று எழுதியிருக்கிறார்.

நிறுத்தவில்லை என்பதை அவர் பாராட்டாக எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 20, தீபாவளி

அப்பா வாட்ஸ்அப்பில். காது மந்தம், அதனால் அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். கடலைமிட்டாய் பார்சல் போட்டிருக்கிறாராம். "ஏய்யா, உங்க மிலிட்டரி கேன்டீன்ல சோப்பு, பிஸ்கோத்து எல்லாம் வெல கம்மிதான?" வருடா வருடம் கேட்பார். ஆமாப்பா என்பேன். 2013 அக்டோபரில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள், அதற்கப்புறம் அந்த வாசலை நான் மிதித்ததில்லை.

அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் ரெக்சின் பையில் ஆதார், ரேஷன் கார்டோடு இருக்கிறது. மதராஸ் ரெஜிமென்ட், 17 வருடம், ஹவில்தார். கேரக்டர்: எக்ஸம்ப்ளரி. சின்ன வயசில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே அந்த வார்த்தையில்தான். விரலை வைத்து வைத்துப் படிக்கச் சொல்வார்.

அக்டோபர் 22

மூன்று மணிக்கு விழிப்பு. வெளியேறும் நாளில் அறையில் ஒருவன் சொன்னான்: "கவலைப்படாதே, 24ஆம் கட்டம் ஆறு மாதத்தில் தானாக மாறிவிடும்." பொய். தானாக எதுவும் மாறாது, எந்தக் காலத்திலும் மாறியதில்லை. நான் 2014 ஏப்ரல் வரை காத்திருந்தேன். முட்டாள். ஏப்ரலில் தபால்காரனிடம் சண்டைகூடப் போட்டேன்.

அக்டோபர் 26

மருத்துவரின் அறிக்கைக்காக இரண்டாவது அமர்வு. பி.டி.எஸ்.டி., அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், என்று எழுதுவார். ஓடிப்போனது அந்த நோயின் 'தவிர்ப்பு' என்ற பகுதியில் அடங்குமாம், வாரியம் அந்த இணைப்பைத்தான் தேடுமாம். தவிர்ப்பு. கேட்டால் கத்தரிக்காய் ஒவ்வாதவன் செய்வது மாதிரி இருக்கிறது.

காந்தஹார் ரோட்டைப் பற்றிக் கேட்டார். முன்னால் போன வண்டியில் தண்ணீர் பாட்டில் என்றேன். அடுக்கடுக்காக ஏற்றி பிளாஸ்டிக் தாள் சுற்றியது. வெடித்ததும் ஆயிரக்கணக்கில் உடைந்து, அந்தப் புழுதி ரோடு சேறாகிவிட்டது. மழை பெய்து பார்த்திராத ரோடு. டயரில் சேறு ஏறி வழுக்கியது. அதை மட்டும்தான் சொன்னேன். வண்டிக்குள் இருந்தவர்களைப் பற்றிக் கேட்டார். நேரம் முடிந்துவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

தூங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். மாணவிக்கு அனுப்புவேனோ என்னவோ.

46 நாளும் நான் தண்ணீர் பிடித்தேன்.

கோவில்பட்டியில் மே மாதம். எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலை ஐந்து மணிக்கும் வரும், மத்தியானம் சுட்டெரிக்கும்போதும் வரும். குடங்களை வரிசையில் வைத்து, கைப்பிடிக் கழுத்தில் கயிறு கோத்துக் கட்டிவிட்டு வருவார்கள். அம்மாவுக்கு ஆறு குடம். நான்கு பச்சை, இரண்டு நீலம். நீலத்தில் ஒன்று அடியில் விரிசல் விட்டிருந்தது. பழைய பக்கெட் துண்டை உருக்கி அவளே ஒட்டியிருந்தாள், அந்த இடம் மட்டும் காய்ந்த புண் மாதிரி தடித்திருக்கும். தூக்கும்போது கட்டைவிரல் தானாக அங்கே போகும்.

முதலில் அம்மா இடத்தில் யாராவது நிற்க வேண்டுமே என்று நின்றேன். காரியத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், தண்ணீர் வேண்டியிருந்தது. அவர்கள் போன பிறகும் நின்றேன். எங்கள் இரண்டு பேருக்கு மூன்று குடம் போதும். ஆறும் பிடித்தேன். பிறகு பக்கத்து வீட்டு ஆச்சிக்கு. பிறகு யார் கேட்டாலும். "அமெரிக்காக்காரத் தம்பி வந்தாச்சு, ஹோஸ் அவன்ட்ட குடுங்க" என்பார்கள். ஹோஸைப் பிடித்துக்கொள்வேன். குடம் மாற்றும்போது வழியும், தெரு முழுக்கச் சேறாகும். எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள். நான் அதில்தான் நிற்பேன், செருப்பைக் கழற்றிவிட்டு.

லாரி வராத நாளில் வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஃபோன் சட்டைப்பையில் இருந்தது. சார்ஜ் இருந்தது. நம்பரும் இருந்தது.

மே 4 அன்று காலையில் அப்பா என் பையைப் பரணிலிருந்து இறக்கி, துடைத்து, நிலைப்படி ஓரம் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. 46 நாளும் அது அங்கேயே இருந்தது. வீடு கூட்டும்போது தூக்கி அந்தப் பக்கம் வைப்பார், கூட்டுவார், மறுபடி அதே இடத்தில் வைப்பார். லீவு தாண்டி வீட்டில் இருக்கிறவனுக்கு அவர்கள் ராணுவத்தில் ஓ.எஸ்.எல். என்று பெயர். அந்த மூன்று எழுத்தை அவர் வாயிலிருந்து ஒருநாளும் கேட்கவில்லை. ஜூன் 18 விடிகாலையில் நான் குடத்தை எடுக்கப் போனபோது குடம் அவர் கையில் இருந்தது. "போய் நில்லு" என்றார். தண்ணிக்கு நிற்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். பையைக் காட்டினார்.

நவம்பர் 3

அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 4

மாணவி பதில்: "இதையே சொல்லுங்கள். 'தாயாரின் மரணத்தால்' பக்கத்தை எடுத்துவிடலாம்."

நவம்பர் 11

பாப்பா பள்ளியில் வெட்டரன்ஸ் டே. படை வீரர்களாக இருந்த பெற்றோர் எழுந்து நிற்கலாம் என்றார்கள். பாப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 13

நேற்று இரவு அரசாங்கத்தைத் திறந்துவிட்டார்கள். 43 நாள். என்னைவிட மூன்று நாள் குறைவு. அதை யாரும் இ-1 ஆக்கப் போவதில்லை.

நவம்பர் 19

இவளிடம் இன்றுதான் முழுக்கச் சொன்னேன். 2010இல், வெளிநாட்டவரை அமெரிக்க ராணுவத்தில் சேர்க்கும் மாவ்னி திட்டத்தில் சேர்ந்தேன். மாணவர் விசாவில் இருந்தவனை, தமிழ் தெரியும் என்பதற்காகவும் எடுத்தார்கள், பட்டியலில் தமிழ் இருந்தது. ஃபோர்ட் ஜாக்சனில் அடிப்படைப் பயிற்சி முடியும்போதே குடியுரிமைச் சத்தியம். பெரிய சலுகை. ஆனால் அதே குடியுரிமைச் சட்டத்தின் 329ஆம் பிரிவில், ஐந்து வருடம் கௌரவமாகப் பணிசெய்யாமல் 24ஆம் கட்டத்தில் என்னுடைய வார்த்தையோடு வெளியேறினால், கொடுத்த குடியுரிமையைத் திரும்ப எடுக்க வழி வைத்திருக்கிறார்கள். என் கணக்கு நான்கு வருடம்கூட இல்லை. 12 வருடமாக யாரும் கடிதம் போடவில்லை. ஆனால் குடியுரிமை ரத்து வழக்குகளுக்கு முன்னுரிமை என்று இந்த ஜூனில் நீதித்துறை குறிப்பாணை வந்ததிலிருந்து, கனமான உறை எது வந்தாலும் வயிற்றில் ஒன்று புரள்கிறது.

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ நான்?" என்றாள். என் மூலமாக வந்ததுதானே அவளுடையது.

டிசம்பர் 8

கோட்டை இஸ்திரி போட்டேன். லேப்டாப்பை எங்கே வைத்தாலும் பின்னால் சாமி படம் தெரிகிறது. கழற்றவா வேண்டாமா என்று நானும் இவளும் அரை மணி நேரம். இருக்கட்டும் என்று முடிவு.

டிசம்பர் 9, செவ்வாய்

ஐந்து பேர், ஐந்து சதுரம். சத்தியம் வாங்கினார்கள். மாணவி நன்றாகப் பேசினாள், குரல் ஒரே ஒரு இடத்தில் நடுங்கியது. மருத்துவரின் அறிக்கை, சார்ஜென்ட் கடிதம், நான்கு கேள்விகள், நான்கு பதில்கள்.

நடுவில் இருந்த கர்னல் கேட்டார்: "ஏன் யூனிட்டுக்கு ஃபோன் செய்யவில்லை?"

ஃபோன் சட்டைப்பையில்தான் இருந்தது என்றேன். மாணவி என்னைப் பார்த்ததைத் திரையில் பார்த்தேன்.

"அப்படியானால் என்ன செய்தீர்கள்?"

சொன்னேன். லாரி, குடம், ஹோஸ். இங்கிலீஷில் குடத்துக்கு வார்த்தை வரவில்லை, கையால் காட்டினேன். எத்தனை குடம் என்று ஓரத்துச் சதுரத்தில் இருந்த பெண் அதிகாரி கேட்டார். ஆறு, பிறகு எண்ணவில்லை என்றேன். எதையோ எழுதினார். ஏன் கேட்டார்? எதை எழுதினார்? ஐந்தில் மூன்று பேர் வேண்டும். அந்த அம்மாவை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை.

50 நிமிடம். முடிவு தபாலில் வரும்.

டிசம்பர் 10

ஆறு குடம் என்று ஏன் சொன்னேன். ஆச்சி வீட்டுக் குடத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 16

தபால் இல்லை.

டிசம்பர் 19

பல் மருத்துவர் பில். மளிகைக்கடை காலண்டர்.

டிசம்பர் 23

24ஆம் கட்டத்தை 'ஜெனரல்' என்று மாற்றினால் சிகிச்சைக்கு வழி பிறக்கும், படிப்புச் சலுகை கிடைக்காது. முழு 'ஹானரபிள்' என்றால் இரண்டும். நாற்பது வயதில் என்ன படிப்பு என்று மாணவியிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. இவளிடம் சொன்னேன். இவளும் சிரிக்கவில்லை. நல்ல ஜோக்தான்.

டிசம்பர் 27

தங்கச்சி ஃபோன். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

நுவார்க்கிலிருந்து நாளை இரவு டிக்கெட். குடோன் மேனேஜரிடம் லீவு கேட்டு எழுதி வாங்கியாயிற்று, கையெழுத்தோடு. தபாலைத் தினமும் பார்க்கிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து வீடியோவில் வந்தார். ஒருபக்கம் படுத்திருந்தார், கண்ணாடி இல்லை. வாரியத்தைப் பற்றித் தங்கச்சி சொல்லியிருப்பாளோ என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எத்தன நாளு லீவு?" என்றார்.

"பதினஞ்சுப்பா" என்றேன்.